யூரோவிஷனுக்குப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது: பொதுமேடையா, மூடிய அறையா, பாதிக்குப் பாதியா?

ஐரோப்பிய நாடுகள் தலா ஒரு பாட்டை அனுப்பி ஆண்டுதோறும் மோதும் போட்டி யூரோவிஷன். ஜனவரி பிறந்துவிட்டால் அதன் ரசிகர்களிடையே ஒரே வாக்குவாதம். ஸ்வீடன் வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போட்டி நடத்தி ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. ஆஸ்திரியாவின் தொலைக்காட்சி நிறுவனமான ஓ.ஆர்.எஃப். போட்டியே வைக்காமல் 2025இல் ஜேஜே என்ற பாடகரின் பெயரை அறிவித்தது. இரண்டு நாடும் ஜெயித்திருக்கின்றன. அப்படியானால் எந்த வழி சரி?

2021 முதல் 2025 வரை வென்றவர்களைப் பார்த்தால் விடை கிடைக்காது. இத்தாலி, உக்ரைன், ஸ்வீடன் மூன்றும் பொதுமேடைப் போட்டியில் தேர்ந்தெடுத்தவை. சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் மூடிய அறையில் முடிவு செய்தவை. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நாட்டில் எதற்குப் பஞ்சம் என்று பார்த்தால்தான் தெளிவு பிறக்கும். பாட்டுக்கா, பாடகருக்கா, உள்ளூர் மக்களின் அக்கறைக்கா? எது குறைகிறதோ அதை நிரப்பும் முறைதான் அந்த நாட்டுக்கு ஏற்றது.

"நாடு தேர்ந்தெடுக்கிறது" என்று பேச்சுக்குச் சொன்னாலும் முடிவு அரசின் கையில் இல்லை. யூரோவிஷனை நடத்தும் ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தில் உறுப்பினராக உள்ள தொலைக்காட்சி நிறுவனம்தான் முறையை வகுக்கிறது, செலவை ஏற்கிறது, திட்டையும் வாங்கிக்கொள்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் யாராலும் மாற்ற முடியாத விதிகள். பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. முக்கியக் குரல் நேரலையில் பாடியாக வேண்டும். பின்னணிக் குரல்களைப் பதிவில் ஓட்ட 2021 முதல் அனுமதி உண்டு. போட்டி மே மாதம். முந்தைய ஆண்டு செப்டம்பர் 1க்கு முன் பாட்டு விற்பனைக்கு வந்திருக்கக் கூடாது. மார்ச் நடுவில் ஒப்படைத்துவிட வேண்டும். ஆக, கையில் இருப்பது ஆறரை மாதம். பாடகர் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. 1988இல் சுவிட்சர்லாந்துக்கு வெற்றி தேடித் தந்த செலின் டியோன் கனடாக்காரர்.

இவற்றின் நடுவே ஐந்து கேள்விகள்.

அந்நியக் காதுக்கு எட்டுமா? சொந்த நாட்டுப் பாட்டுக்குச் சொந்த நாட்டவர் வாக்களிக்க முடியாது. இந்த ஒரு விதியை மறந்துவிட்டுத்தான் பல நாடுகள் தேர்வுமுறையை வகுக்கின்றன. பிப்ரவரியில் ஆசையாக வாக்களித்து ஒரு பாட்டை ஜெயிக்கவைக்கும் உள்ளூர் ரசிகருக்கு மே மாத இறுதிப் போட்டியில் அந்தப் பாட்டுக்கு ஒரு வாக்குகூடக் கிடையாது. அங்கே தீர்ப்பு சொல்வது மற்ற நாடுகளின் நடுவர்களும் மக்களும். 2023 முதல் போட்டியில் இல்லாத நாட்டவர்களும் இணையம் வழியே வாக்களிக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரின் வாக்கும் சேர்ந்து ஒரு நாட்டின் வாக்காகக் கணக்கில் ஏறும். இவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாட்டை முதல்முறையாக, மொழி புரியாமல் கேட்கிறார்கள்.

நேரலையில் நிற்குமா? ஸ்டூடியோவில் பத்து டேக் எடுத்து ஒட்டிய குரல், காதில் மானிட்டரோடு படிக்கட்டில் ஓடி வந்து பாடும்போது மூச்சு வாங்கும்.

பணமும் நாட்களும் போதுமா? உள்ளூர் ஏற்றுக்கொள்ளுமா? இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இழுப்பவை. மக்களைச் சேர்த்தால் செலவு கூடும். சேர்க்காவிட்டால் முணுமுணுப்பு கூடும்.

ஜெயித்தவர் போவாரா? இது கேட்கவே தேவையில்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் பல நாடுகள் சறுக்கியது இங்கேதான்.

## வழி 1: பொதுமேடைப் போட்டி

ஸ்வீடனின் எஸ்.வி.டி. தொலைக்காட்சி நடத்தும் மெலோடிஃபெஸ்டிவாலன் இந்த வகையின் முழு வடிவம். 1959இல் தொடங்கியது, 2002 முதல் சுற்றுகள் ஊர் ஊராகப் போகின்றன. ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான்: இழுக்கும் கைகள் பல, ஆனால் வடத்தை எங்கே பிடிப்பது என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்திருக்கிறார்கள். இறுதிச்சுற்றில் பாதி எடை எட்டு வெளிநாட்டு நடுவர் குழுக்களுக்கு. மீதிப் பாதி மக்களுக்கு. அந்த மக்கள் வாக்கையும் ஒரே குவியலாக எண்ணுவதில்லை. செயலியில் வாக்களிப்பவர்களை வயதுவாரியாக ஏழு குழுக்களாகப் பிரித்து, தொலைபேசி வாக்கை எட்டாவது குழுவாக வைத்து, ஒவ்வொரு குழுவும் தனித்தனியே புள்ளி கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் எவ்வளவு விடாமல் அழுத்தினாலும் 60 வயதுக்காரர்களின் புள்ளியை அது விழுங்கிவிடாது.

2025இல் இந்த அமைப்பு எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 2015இல் யூரோவிஷனையே வென்ற மோன்ஸ் செல்மெர்லோவ் மீண்டும் களமிறங்கினார். வெளிநாட்டு நடுவர்களிடம் அவர்தான் முன்னிலை. ஆனால் பின்லாந்தின் ஸ்வீடிஷ் பேசும் பகுதியிலிருந்து வந்த 'காய்' என்ற மூவர் குழு, நீராவிக் குளியலைப் பற்றி வட்டார வழக்கில் பாடிய பாட்டோடு மக்கள் வாக்கை அள்ளி அவரை முந்தியது. அந்த ஆண்டு யூரோவிஷன் நடந்த பாசலில் அது நான்காம் இடம். 1998க்குப் பிறகு ஸ்வீடன் அனுப்பிய முதல் ஸ்வீடிஷ் மொழிப் பாட்டும் அதுதான். எந்த மூடிய அறையும் அந்தப் பாட்டைத் துணிந்து தேர்ந்தெடுத்திருக்காது. பொதுமேடையின் உண்மையான பலம் இது: பொறுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வராத துணிச்சல் கூட்டத்துக்கு வரும்.

இத்தாலியின் சான்ரெமோ வேறு விதம். 1951இல் பிறந்தது, யூரோவிஷனுக்கே முன்மாதிரி. ஐந்து இரவுகள் நடக்கும் அந்த விழாவுக்கு யூரோவிஷன் ஒரு உபரிப் பலன்தான். இதனால் ஒரு நன்மை: முன்னணிப் பாடகர்கள் தயங்காமல் வருகிறார்கள், ஏனென்றால் சான்ரெமோவில் ஏழாவதாக வந்தாலும் பாட்டு ஓடும். இரண்டு தொல்லைகளும் உண்டு. பாட்டுகள் 3 நிமிடத்தைத் தாண்டுவதால் வென்ற பிறகு வெட்ட வேண்டும். 2021இல் மோனெஸ்கின் குழுவினர் தங்கள் பாட்டைச் சுருக்கியதோடு, வசவுச் சொற்களையும் மாற்றிவிட்டுத்தான் ராட்டர்டாமுக்குப் போய் வென்றார்கள். அடுத்தது, வென்றவருக்குப் போகும் உரிமைதான் உண்டு, கடமை கிடையாது. 2016இல் ஸ்டாடியோ குழு மறுத்தது. 2025இல் பாடகர் ஓலி மறுத்தார். இரண்டாமிடம் பெற்ற லூசியோ கோர்சி போய் ஐந்தாம் இடம் பிடித்தார்.

### வெளியே தெரியாத செலவு

அரங்கு, நேரலை ஒளிபரப்புக்கான ஓ.பி. வேன், ஒளியமைப்பு, வாக்கு எண்ணும் நிறுவனம் எல்லாம் பட்ஜெட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கும். கையைச் சுடுவது மற்றவை.

வாக்களிப்பு நின்றுபோவது ஒன்று. 2020இல் நார்வேயின் மெலோடி கிராண்ட் பிரீ இறுதிச்சுற்றில் இணைய வாக்களிப்பு முடங்கியது. நாடு முழுவதிலுமிருந்து முன்பே தேர்ந்துவைத்திருந்த 30 பேர் கொண்ட மாற்று நடுவர் குழுதான் அடுத்த கட்டத்துக்குப் போகிறவர்களை முடிவு செய்தது. அந்தக் குழு தயாராக இருந்ததால் நிகழ்ச்சி தப்பியது, கோபம் தப்பவில்லை. மாற்றுக் குழு இல்லாமல் இணைய வாக்களிப்பைத் தொடங்கவே கூடாது.

எடைப் பங்கீடு அடுத்தது. 2022இல் ஸ்பெயினின் பெனிடோர்ம் ஃபெஸ்டில் நடுவர்களுக்கு 50 சதவீதம், மக்களின் மாதிரியாகப் பொறுக்கியெடுத்த குழுவுக்கு 25, தொலைபேசி வாக்குக்கு 25. மக்கள் பக்கத்தின் இரண்டு பிரிவிலும் கலீசியப் பெண்கள் குழுவான டான்ஷுகெய்ராஸ் முதலிடம். ஆனால் நடுவர் வாக்கில் வென்ற பாடகி சனேல் 96 புள்ளியோடு மேலே போனார், டான்ஷுகெய்ராஸுக்கு 90. நாடாளுமன்றம் வரை சண்டை போனது. மே மாதம் டூரினில் சனேல் 459 புள்ளியோடு மூன்றாம் இடம். 1995க்குப் பிறகு ஸ்பெயினுக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடம். அந்நியக் காதைப் பொறுத்தவரை நடுவர்கள் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த மூன்று மாதம் ஒரு பாடகி தாங்கிக்கொண்ட வசைக்கு யார் ஈடு கொடுப்பது? எடைப் பங்கீட்டைத் தாளில் எழுதும்போதே, மக்கள் முதலிடம் தந்தவர் தோற்றால் அதை எப்படி விளக்குவோம் என்றும் எழுதி வைக்க வேண்டும். மக்களுக்கு 75, நடுவர்களுக்கு 25 என்று பின்லாந்து வைத்தது. 2023இல் பாடகர் கேரியா அந்த வழியில் வந்து யூரோவிஷனில் மக்கள் வாக்கை வென்று மொத்தத்தில் இரண்டாம் இடம் பெற்றார்.

கடைசியாகப் பின்புலச் சோதனை. 2019இல் உக்ரைனின் தேசியச் சுற்றில் பாடகி மரூவ் வென்றார். ரஷ்யாவில் கச்சேரி செய்வது முதலான விஷயங்களில் ஒளிபரப்பாளர் நீட்டிய ஒப்பந்தத்தை அவர் ஏற்கவில்லை. அடுத்தடுத்த இடங்களில் வந்தவர்களும் மறுத்துவிட்டார்கள். உக்ரைன் அந்த ஆண்டு போட்டியிலிருந்தே விலகியது. 2022இலும் வென்ற பாடகி கிரிமியப் பயண ஆவணச் சர்ச்சையில் விலக, இரண்டாமிடம் பெற்ற கலுஷ் ஆர்க்கெஸ்ட்ரா போய் 631 புள்ளியோடு வென்றது. முதல் முறை நஷ்டம், இரண்டாம் முறை அதிர்ஷ்டம். இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே: பேசிச் சரிபார்த்து முடிக்க வேண்டியதைப் போட்டி முடிந்த பிறகு செய்தது.

## வழி 2: மூடிய அறைத் தேர்வு

நெதர்லாந்து 2005 முதல் 2012 வரை தொடர்ந்து எட்டு முறை அரையிறுதியிலேயே வெளியேறியது. 2013இல் போட்டியே வைக்காமல், நாட்டில் ஏற்கெனவே பெரிய பெயரான அனூக்கை அனுப்பியது: ஒன்பதாம் இடம். 2014இல் காமன் லின்னெட்ஸ் குழு: இரண்டாம் இடம். 2019இல் டங்கன் லாரன்ஸ்: முதலிடம். அவருக்கு அதற்கு முன் வெளியான பாட்டே கிடையாது. தேர்வுக்குழுவில் இருந்தவர்கள் பாட்டைக் கேட்டார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. முன்னணிப் பாடகர்கள் தொலைக்காட்சியில் தோற்கப் பயந்து போட்டிக்கே வராத நாட்டுக்கு இந்த வழி உடனடி மருந்து.

சுவிட்சர்லாந்து இதை இன்னும் நேர்த்தியாகச் செய்தது. 2015 முதல் 2018 வரை நான்கு முறை அரையிறுதியில் தோல்வி. அதோடு மேடைப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். பதிலாக 100 பேர் கொண்ட பார்வையாளர் குழு ஒன்று, பல நாட்டு இசை வல்லுநர்கள் கொண்ட நடுவர் குழு ஒன்று. முடிவு இரண்டு குழுக்களின் கையிலும் சமபங்கு. வாக்கைக் கேமரா முன் எண்ணுவதில்லை, அவ்வளவுதான். அந்நியக் காதை அறைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். 2019இல் நான்காம் இடம், 2021இல் மூன்றாம் இடம், 2024இல் நெமோ முதலிடம். மூடிய அறை என்றாலே இரண்டு அதிகாரிகளின் ரசனை என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய ஏற்பாடு இது.

நடைமுறை ஏறத்தாழ இப்படிப் போகும். செப்டம்பரில் பாட்டுகள் வரவேற்பு, பாடலாசிரியர்களை இரண்டு மூன்று நாள் ஒன்றாக உட்காரவைக்கும் எழுத்து முகாம்கள். நவம்பருக்குள் பெயர் மறைத்துக் கேட்டு இருபது பாட்டாகச் சுருக்குவது. டிசம்பரில் பாடகரை மைக் முன் நிறுத்தி, எந்த ஒட்டு வேலையும் இல்லாமல் ஒரே மூச்சில் பாடவைத்துக் காணொளி எடுப்பது. ஜனவரியில் மேடை வடிவமைப்பாளர். பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச் தொடக்கத்தில் வெளியீடு. இதில் பலர் விட்டுவிடுவது டிசம்பர் வேலையை; அதை விட்டால் மே மாதம்தான் குரலின் நிஜம் தெரியும்.

### வெளியே தெரியாத செலவு

பிரிட்டன் 2021 முதல் 2025 வரை ஐந்து முறையும் மூடிய அறையில் நடக்கும் உள்தேர்வுதான். புள்ளிகள்: 0, 466, 24, 46, 88. இரண்டாமிடம் வாங்கிய சாம் ரைடரையும் அடுத்த ஆண்டு 25ஆம் இடத்துக்குப் போன பாடகியையும் கொண்டுவந்தது ஒரே இசை மேலாண்மை நிறுவனம். ஆட்களும் முறையும் மாறவில்லை, பாட்டு மாறியது. உள்தேர்வு நல்ல பாட்டைப் பழுதில்லாமல் மேடைக்குக் கொண்டுபோகும். இல்லாத பாட்டை உண்டாக்காது.

தோல்வி வந்தால் தாங்கிக்கொள்ளப் பங்காளிகள் இல்லை என்பது இன்னொரு செலவு. மக்கள் தேர்ந்தெடுத்தது தோற்றால் மக்களுக்கும் பங்குண்டு. அறை தேர்ந்தெடுத்தது தோற்றால் அடுத்த ஆண்டு பட்ஜெட் கேட்பதே கஷ்டம். மேலும் ஆறு வாரம் நடக்கும் நிகழ்ச்சி தானாகவே தரும் விளம்பரத்தை இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டும்: நேர்காணல்கள், ஏப்ரல் மாத முன்னோட்டக் கச்சேரிகள், வானொலிப் பயணங்கள்.

## வழி 3: பாதிக்குப் பாதி

பாடகரை ஒரு வழியில், பாட்டை இன்னொரு வழியில் தேர்வது. இஸ்ரேல் திறமைப் போட்டியில் நெட்டாவைத் தேர்ந்தெடுத்து, பாட்டைக் குழுவிடம் விட்டு 2018இல் வென்றது. பாடகருக்கே பஞ்சம் என்றால் இது நல்ல வழி. ஆபத்து நாள்காட்டியில் இருக்கிறது. பாடகர் பிப்ரவரியில்தான் தெரியும் என்றால் பாட்டு யாருக்காகவும் எழுதப்பட்டதாக இருக்காது; பொதுவான சட்டை ஒன்றை யார் வந்தாலும் போட்டுவிடுகிற நிலைமை.

## ஒரே நாடு, எல்லா வழியும்: ஜெர்மனி

முறைகளை ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது. 2010இல் பொதுத் தொலைக்காட்சியான ஏ.ஆர்.டி.யும் ப்ரோஸீபன் தனியார் சேனலும் கைகோத்துத் திறமைப் போட்டி நடத்தின. பல வாரம் பாடகி லேனாவின் குரலும் சேட்டையும் என்னவென்று நாட்டுக்கே தெரிந்த பிறகு, இறுதிச்சுற்றில் போட்டியாளர் இருவருக்கும் அதே இரண்டு பாட்டுகளைப் பாடும் வாய்ப்புக் கொடுத்து, யாருக்கு எது பொருந்துகிறது என்று மக்களிடமே கேட்டார்கள். 246 புள்ளியோடு முதலிடம்.

2015இல் பொதுமேடை. ஹனோவர் அரங்கில் நேரலையில் ஆண்ட்ரியாஸ் க்யூமர்ட் வென்றதாக அறிவிக்கிறார்கள். அவர் மைக்கை வாங்கி, இதை ஏற்கும் நிலையில் தான் இல்லை என்கிறார். கூட்டம் கூச்சலிட, பக்கத்தில் நின்ற ஆன் சோஃபி அந்த நிமிடமே வேட்பாளர் ஆனார். வியன்னாவில் பூஜ்யம். 2016க்கு மூடிய அறையை முயன்று பாடகர் சேவியர் நைடூவின் பெயரை அறிவித்தார்கள். எதிர்ப்பில் இரண்டே நாளில் வாபஸ். அவசரமாக மேடைப் போட்டி வைத்து அனுப்பியது 11 புள்ளியோடு கடைசி. 2017இல் பாதிக்குப் பாதி: யார் என்று தெரியாத ஐந்து பேர், ஏற்கெனவே தயாரான இரண்டு பாட்டுகள். 25ஆம் இடம். 2010இன் அதே வடிவம்தான், ஆனால் பாடகரைப் பல வாரம் பார்த்துப் பழகிய பகுதியை எடுத்துவிட்டார்கள்.

2018இல் 100 பேர் மக்கள் குழு, 20 பேர் சர்வதேச நடுவர், தொலைபேசி வாக்கு. மூன்றுக்கும் சம எடை. மூன்றுமே மைக்கேல் ஷுல்ட்டேவுக்கு முதலிடம் தந்தன, அவர் லிஸ்பனில் நான்காம் இடம் பெற்றார். 2019இலும் இதே மூன்று தரப்பு அமைப்பு. ஆனால் ஒரு பாட்டு முதலில் வந்து, அதைப் பாடுவதற்கென்றே இருவரைச் சேர்த்துக் குழுவாக்கினார்கள். 25ஆம் இடம், மக்கள் வாக்கில் பூஜ்யம்.

## ஒரு பார்வையில்

| | பொதுமேடை | மூடிய அறை | பாதிக்குப் பாதி |
|---|---|---|---|
| அந்நியக் காது | வெளிநாட்டு நடுவர்களுக்குப் பாதி எடை இருந்தால் உண்டு | குழுவில் வெளிநாட்டவர் இருந்தால் உண்டு | பெரும்பாலும் இல்லை |
| நேரலைச் சோதனை | முறையிலேயே இருக்கிறது | தனியே செய்தாக வேண்டும் | பாடகருக்கு உண்டு, பாட்டுக்குக் குறைவு |
| செலவு | மிக அதிகம். விளம்பர வருவாய் ஈடுகட்டலாம் | குறைவு. விளம்பரச் செலவு தனி | நடுத்தரம் முதல் அதிகம் |
| தேர்வுக்குப் பின் கிடைக்கும் நாட்கள் | சில வாரம் | இரண்டு, மூன்று மாதம் | மிகக் குறைவு |
| உள்ளூர் ஆதரவு | வலுவானது, சண்டையும் கூடவே | வெற்றி வந்தால் மட்டும் | பாடகர் மீது உண்டு |
| முன்னணிப் பாடகர் வருவாரா | விழாவுக்குத் தனி மதிப்பு இருந்தால் | வருவார் | வரமாட்டார் |

## எந்த நிலைமைக்கு எது

நிறையப் பாட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள், மக்களும் பார்க்கிறார்கள் என்றால் பொதுமேடையை விடக் கூடாது. ஆனால் வெளிநாட்டு நடுவர்கள் இல்லாமல் நடத்தக் கூடாது. அரையிறுதியில் தொடர்ந்து தோற்கும் சின்ன நாடு, நல்ல பாடகர்கள் எட்டிப் பார்க்கவே மறுக்கும் நாடு, மூன்று ஆண்டுக்காவது சுவிஸ் பாணி உள்தேர்வுக்குப் போகலாம். ஒரு ஆண்டு முயன்று உடனே மாற்றினால் பாடலாசிரியர்களுக்கு நம்பிக்கை வராது. பாதிக்குப் பாதி முறையைப் பாடகருக்கு நிஜமாகவே பஞ்சம் இருக்கும்போது மட்டும், அதுவும் டிசம்பருக்குள் பாடகர் முடிவாகிவிடும் என்றால் மட்டும் தொடலாம்.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டியது போட்டியில் சேரும் நாளில். வென்றால் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் இரண்டாமவர் போவார். 3 நிமிட வடிவம் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஒன்றியம் கேட்டால் வரிகளை மாற்றச் சம்மதம். மே மாதம் முழுவதும் வேறு கச்சேரி கிடையாது. பழைய பயணங்கள், பழைய பேச்சுகள், பழைய பதிவுகள் பற்றிய எழுத்துபூர்வ அறிக்கை. மேடைப் போட்டியின் இறுதிச்சுற்றை மார்ச் முதல் வாரத்துக்குத் தள்ளாமல் பிப்ரவரி நடுவிலேயே முடித்துவிட்டால், பாட்டை ஒப்படைக்கும் முன் மிக்ஸிங்கைத் திருத்தவும், கேமரா கோணங்களை மாற்றிப் பார்க்கவும், யாராவது பின்வாங்கினால் இரண்டாமவரைத் தயார்ப்படுத்தவும் நான்கு வாரம் கிடைக்கும்.